நாற்பது என்று எழுதிய வகுப்பு

விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிடுவது என் தொழில். கணக்குக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. அப்படிப்பட்ட என்னிடம் எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சர் இப்போதெல்லாம் அவ்வப்போது வந்து, இந்தக் கணக்குகளுக்கெல்லாம் படம் போட்டுக் கொடுங்கள் மாஸ்டர் என்று ஒரு தாளை நீட்டுவார். நானும் கைக்கு வந்தபடி கிறுக்கித் தருவேன். முதல் தடவை, கோணல்மாணலாக இருக்கிறதே என்று கூச்சப்பட்டேன். இன்னும் கொஞ்சம் கோணலாகப் போட்டால் தேவலை என்றார். அந்தத் தாள்தான் அவருடைய வகுப்புக்குப் பரீட்சைத் தாளாகப் போகிறது. உடற்பயிற்சி வாத்தியார் கணக்குப் பரீட்சைக்குப் படம் போடுகிற கூத்து உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று ஆசிரியர் அறையில் என்னை வைத்து ஒரே கேலி. கேலி செய்கிறவர்கள் யாரும் விசாரணை நடந்த அன்று தலைமை ஆசிரியர் அறையில் இல்லை. நான் இருந்தேன். அதனால்தான் சொல்கிறேன்.

பிள்ளைகள் கணக்கு டீச்சருக்கு வைத்த பெயர் ஸ்கேல் டீச்சர். ஒல்லியான உடம்பு, கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் மூக்குக் கண்ணாடி, கக்கத்தில் ஆள் உயரத்தில் பாதி வரும் ஒரு மர ஸ்கேல். புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் மிரள்வார்கள். ஆனால் அது எந்தப் பிள்ளையின் மேலும் பட்டதில்லை, கரும்பலகையின் மேல் மட்டும்தான் படும். எந்தப் படம் போடுவதாக இருந்தாலும் முதலில் பலகையின் அடியில் ஸ்கேலை வைத்து நெடுக ஒரு கோடு இழுப்பார். அதற்குத் தரைக்கோடு என்று பெயர். அதன் மேல்தான் அவருடைய முக்கோணமும் சதுரமும் எழுந்து நிற்கும். படங்கள் அச்சில் போட்ட மாதிரி இருக்கும். அவருடைய கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர், நல்ல வாய்த்துடுக்கு. என் மனைவி ரொட்டி நறுக்கினால்கூட அளந்துதான் நறுக்குவாள், எனக்குத்தான் எப்போதும் சின்னத் துண்டு வரும் என்பார்.

படத்தில் எத்தனை கறாரோ பரீட்சையில் அதைவிடக் கறார். வாரம் தவறாமல் வகுப்பில் ஒரு சோதனை வைப்பார். அதற்கு நேரம் பற்றாது என்று என் விளையாட்டு வகுப்பில் கை வைப்பார். நான் மைதானத்தில் பந்தோடு நிற்பேன், பிள்ளைகள் ஜன்னல் வழியாக என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். இது பற்றி எங்களுக்குள் நடந்த சண்டைகளுக்குக் கணக்கில்லை. திருத்துவதிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அரை மதிப்பெண்ணுக்குக்கூடக் காரணம் எழுதுவார். யாருக்கு எது வரும், எது வராது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவருடைய வகுப்புதான் எப்போதும் பள்ளியில் முதலில் வரும். அந்த வருடக் கடைசியில் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற இருந்தார். அந்த நாற்காலி அடுத்து ஸ்கேல் டீச்சருக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருடப் பொதுத்தேர்வுக் கணக்குத் தாளில் ஒரு முக்கோணம் வந்தது. அடியில் கிடக்கும் கோட்டின் நீளம் பத்து. இடது பக்கம் சாய்ந்து நிற்கும் கோடு ஏழு. வலது மூலையிலிருந்து அந்தச் சாய்ந்த கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு புள்ளிக்கோடு இழுத்து எட்டு என்று போட்டிருந்தார்கள். பரப்பளவு என்ன என்பது கேள்வி. புள்ளிக்கோடு எந்தப் பக்கத்தின் மேல் செங்குத்தாக நிற்கிறதோ அதைத்தான் அடிப்பக்கமாக எடுக்க வேண்டுமாம். ஆகவே ஏழையும் எட்டையும் பெருக்கிப் பாதியாக்கினால் இருபத்தெட்டு. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு பாடம் நடத்தப்பட்டு விளங்கியது.

ஸ்கேல் டீச்சரின் வகுப்பு மொத்தமும் பத்தையும் எட்டையும் பெருக்கிப் பாதியாக்கி நாற்பது என்று எழுதிவைத்திருந்தது. ஒருவர் பாக்கியில்லை. பக்கத்து வகுப்பில் இருபத்தெட்டும் இருந்தது, நாற்பதும் இருந்தது, ஒன்றும் எழுதாமல் விட்ட இடமும் இருந்தது. விடைத்தாள் திருத்திய வெளியூர்க்காரருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. சரியான விடை ஒன்றுபோல இருந்தால் படித்திருக்கிறார்கள் என்று விடலாம், தப்பான விடை எப்படி ஒன்றுபோல இருக்கும், வகுப்பே சேர்ந்து காப்பி அடித்திருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டார். கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விசாரணை நடக்கும், காப்பி என்று உறுதியானால் வகுப்பு முழுவதற்கும் கணக்குத் தாள் செல்லாது. அப்படியென்றால் அத்தனை பிள்ளைகளும் அதே வகுப்பில் இன்னொரு வருடம்.

தேர்வு நடந்த அன்று அந்த அறையில் கண்காணிப்பாளராக நின்றவன் நான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு கழுத்துகூடத் திரும்பவில்லை. ஆனால் யார் நம்புவார்கள்? முதலில் சந்தேகப்பட்டவரே ஸ்கேல் டீச்சர்தான். நேரே மைதானத்துக்கு வந்து, உண்மையைச் சொல்லுங்கள் மாஸ்டர், நாற்காலியில் உட்கார்ந்து கண் அசந்துவிட்டீர்களா என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் விசிலைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் விசிலோடு பின்னாலேயே வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்க்கப் போகிறேன், நீங்களும் கூட இருங்கள் என்றார்.

வகுப்பு முடிந்ததும் ஆய்வகத்தில் உட்கார்ந்தோம். முதலில் வந்தவள், பிள்ளைகள் லாயர் என்று கூப்பிடும் பெண். எதற்கெடுத்தாலும் ஏன் என்று வாதாடுவதால் அந்தப் பெயர். வகுப்பில் முதல் மதிப்பெண்ணும் அவள்தான், அதனால் மற்றவர்கள் அவளைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று பள்ளி முழுக்கப் பேச்சு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. காப்பி அடித்தாயா, காட்டினாயா என்று டீச்சர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே முக்கோணத்தைத் தாளில் போட்டு நீட்டி, போடுகிறபோதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போடு என்றார்.

"அடி பத்து, உயரம் எட்டு. பெருக்கினா எண்பது. பாதி நாப்பது."

"அடி பத்துன்னு எப்படிம்மா சொல்ற?"

"கீழ இருக்கே டீச்சர்."

 டீச்சர் அந்தத் தாளைத் திருப்பி, சாய்ந்திருந்த கோடு அடியில் வருகிற மாதிரி வைத்தார். இப்போது போடு என்றார். அந்தப் பெண் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏழு, எட்டு, இருபத்தெட்டு என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே குழப்பமாகிவிட்டது. ஒரே முக்கோணம்தானே டீச்சர், அதற்கு எப்படி இரண்டு விடை வரும் என்று வாதாட ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்து வந்தவனும் அப்படியே. அதற்கடுத்து வந்தவளும் அப்படியே. ஒவ்வொருவரும் முதலில் நாற்பது, தாளைத் திருப்பினால் இருபத்தெட்டு. எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் போன பிறகு, காப்பி இல்லை என்று தெரிந்துவிட்டதே, இனி என்ன கவலை என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"காப்பிதான் மாஸ்டர். என்னைப் பார்த்து அடிச்சிருக்காங்க."

எனக்கு விளங்கவில்லை. அவர் பலகையைக் காட்டினார். நான் போட்ட ஒவ்வொரு முக்கோணமும் தரைக்கோட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தது, உயரம் எப்போதும் நேர் மேலே போனது, கீழே கிடப்பதுதான் அடிப்பக்கம் என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லவும் வைத்தேன் என்றார். வாரா வாரம் வைத்த சோதனைக்கும் படம் போட்டவர் அவரே. அவற்றிலும் முக்கோணம் சமர்த்தாகத் தரையில்தான் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் முழு மதிப்பெண் வாங்கினார்கள். இவரும் சிவப்பு மையால் சரி போட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் போட்ட படம் ஞாபகம் இருக்கான்னு மட்டும்தான் இத்தனை வருஷமா பார்த்திருக்கேன். புரிஞ்சுதான்னு ஒரு நாளும் பார்க்கலை."

அன்று வீட்டில் மகளிடமும் அந்தத் தாளைக் காட்டினாராம். மகள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், எண்கள் அவளுக்கு விரல் நுனியில். அம்மாவின் வகுப்பில் படித்தவள்தான். தலை வாரிக்கொண்டே எட்டிப் பார்த்து, நாற்பது, இதெல்லாம் ஒரு கணக்கா என்று கேட்டுவிட்டுக் கிளம்பிப் போயிருக்கிறாள்.  மறுநாள் அவர் பள்ளிக்கு வந்த நடையைப் பார்த்தபோதே, இனி யார் சொன்னாலும் இதை மூடிவைக்கப் போவதில்லை என்று தெரிந்தது.

தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெறுகிற நேரத்தில் தலைவலி வேண்டாம் என்று நினைக்கிற சாதாரண மனிதர். டீச்சரைக் கூப்பிட்டு நைச்சியமாகப் பேசினார். அந்த லாயர் பெண்ணையும் பக்கத்தில் உட்கார்ந்த ஒன்றிரண்டு பேரையும் மட்டும் காப்பி அடித்ததாக எழுதிக் கொடுத்துவிடுவோம், மற்ற பிள்ளைகள் தப்பித்துக்கொள்வார்கள், உங்கள் பேரும் கெடாது, அடுத்து இந்த அறைக்கு வரப் போகிறவர் நீங்கள், யோசித்துப் பாருங்கள் என்றார். யோசிக்க ஒன்றுமில்லை சார், அந்தப் பெண் செய்யாத ஒன்றை நான் எப்படி எழுதுவேன் என்று கேட்டுவிட்டு டீச்சர் எழுந்து வந்துவிட்டார். 

விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு அம்மா. அதிகம் பேசாதவர், பேசினால் சுருக்கென்று பேசுகிறவர். முதலில் என்னைத்தான் போட்டு வாட்டினார். நானும் பார்த்ததைச் சொன்னேன். பிறகு டீச்சர் தாளை எடுத்து மேஜையில் வைத்து, இப்படி வைத்தால் நாற்பது, திருப்பி வைத்தால் இருபத்தெட்டு, இது என் வகுப்பில் நான் போட்ட பழக்கம் என்று ஒளிக்காமல் சொன்னார். அதிகாரி கடைசி வரை கேட்டார்.

"நீங்க சொல்றது கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இத்தனை நாளா பிள்ளைங்க உங்க கையிலதான் இருக்காங்க. இப்படிச் சொல்லுன்னு நீங்களே சொல்லிக் குடுத்திருக்கலாம் இல்லையா?"

நியாயமான கேள்விதான்.  டீச்சர் அசரவில்லை. இதைக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய பள்ளிக்கூடம் இருக்கு மேடம். போன வருஷம் என்கிட்ட படிச்சவங்க அங்கதான் இருக்காங்க. வேற பள்ளியில இருந்து வந்தவங்களும் இருக்காங்க. நீங்களே படம் போட்டுக்குங்க, நீங்களே போய் எழுத வைங்க. ரெண்டு கூட்டத்தையும் தனித்தனியா பாருங்க. நான் இங்கேயேதான் உக்காந்திருப்பேன்."

தன் போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். சொல்லாமலேயே நானும் வைத்தேன். தலைமை ஆசிரியரும் வேறு வழியில்லாமல் வைத்தார். அவர்கள் சரியாக எழுதிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அதிகாரி கேட்டார். அப்போது நான் சொன்னதெல்லாம் பொய் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார் டீச்சர். அந்த அம்மா தன் கையால் முக்கோணத்தை வரைந்து எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

நாங்கள் மூன்று பேரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். தலைமை ஆசிரியர் சும்மா இருந்திருக்கலாம். பெரிய பள்ளியில் முக்கோணத்தை மறுபடி நடத்தியிருந்தால் என்ன ஆகும் என்று ஒரு போடு போட்டார். எனக்கு அவரைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். தண்ணீர் வேண்டுமா என்று குனிந்து கேட்டேன்.

"வேண்டிக்கிட்டு இருக்கேன் மாஸ்டர். என் பிள்ளைங்க தப்பா எழுதணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டு அழுதார். எத்தனையோ வருடமாகப் பழகியும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அரை மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்காத மனுஷி.  விளையாட்டு வகுப்பைப் பிடுங்கியதற்காக இவரிடம் போட்ட சண்டையெல்லாம் அந்த நேரத்தில் ரொம்ப அற்பமாகத் தெரிந்தது.

அதிகாரி திரும்பி வந்தபோது மதியச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது. கையில் இரண்டு கட்டுத் தாள்கள். முதல் கட்டைப் பிரித்தார், வேறு பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் எழுதியது. அதில் எல்லா விடையும் கலந்து கிடந்தது. இரண்டாவது கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். நாற்பது. நாற்பது. நாற்பது. வைக்க வைக்க எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. டீச்சருக்கோ ஒவ்வொரு தாளும் கன்னத்தில் விழுகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு தாளை மட்டும் அதிகாரி தனியாக எடுத்து வைத்தார். அதில் இருபத்தெட்டு என்று இருந்தது. 

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளின் மூலையில் இருந்த பெயரைப் பார்த்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார். கண்ணில் துடைக்காத ஈரத்தோடு சிரித்தார். போன வருடம் நான் முக்கோணம் நடத்திய சமயம் இந்தப் பையன் அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தான் மேடம், நான் இவனுக்கு அந்தப் பாடத்தை நடத்தவே இல்லை என்றார். போன வருட வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். உண்மைதான். அதுவரை உதட்டைப் பிரிக்காத அந்த அதிகாரியும் சிரித்துவிட்டார்.

காப்பி இல்லை என்று முடிவாயிற்று. ஆனால் ஒரு வகுப்பே தப்பாக எழுதியதற்கு அறிக்கையில் ஏதாவது காரணம் எழுதியாக வேண்டுமே. அதிகாரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். தலைமை ஆசிரியர் முந்திக்கொண்டார். படம் தெளிவாக இல்லை, கேள்வியிலேயே குழப்பம் இருக்கிறது என்று எழுதிவிடலாமே மேடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம், டீச்சர் பேரிலும் ஒன்றும் வராது என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. அதிகாரிக்கும் அதில் சம்மதம்தான் போலிருந்தது, பேனாவைத் தாளில் வைத்துவிட்டார்.

"அப்படி எழுதாதீங்க மேடம். கேள்வி நல்ல கேள்வி. இத்தனை வருஷத்துல என் வகுப்பைச் சரியா சோதிச்ச ஒரே கேள்வி அதுதான்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிள்ளைகள் தப்பித்தாயிற்று, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வானேன்? அடுத்த வருடம் உட்கார வேண்டிய நாற்காலி கண்ணெதிரே இருக்கிறது. மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார், அவ்வளவுதான். அதிகாரி, கற்பித்தலில் ஏற்பட்ட குறை என்று எழுதினார். இது உங்கள் பணிப் பதிவேட்டில் ஏறும், தலைமைப் பதவிக்கு இந்த வருடம் உங்கள் பெயர் போகாது, தெரியும்தானே என்று கேட்டார். தெரியும் என்று சொல்லி, டீச்சர் கையெழுத்துப் போட்டார். 

வெளியே வந்தால் தாழ்வாரம் முழுக்க அந்த வகுப்புப் பிள்ளைகள். சாப்பிடப் போகாமல் நின்றிருந்தார்கள்.  லாயர்தான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்க பேப்பர் என்ன ஆச்சு டீச்சர்?"

"செல்லும். யாரும் காப்பி அடிக்கலைன்னு எழுதியாச்சு."

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மேல் மாடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் அவர்களோடு சேர்ந்து கத்த வேண்டும் போல இருந்தது, கத்தவும் செய்தேன். அடங்கிய பிறகும் அந்தப் பெண் நகரவில்லை.

"அந்த முக்கோணத்துக்கு எத்தனை மார்க் டீச்சர்?"

"சைபர். தப்பா எழுதினா சைபர்தான்."

அவள் அதையும் ஏற்றுக்கொண்டு தலையாட்டினாள். பிறகு தலைமை ஆசிரியர் அறைக் கதவையும் டீச்சர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுக்கு?"

"எனக்கும் அதேதான்மா" என்றார் டீச்சர். "போய்ச் சாப்பிடுங்க."